மண்டை நீர்ப் புரட்டு

நமது நாட்டில் மூக்கடைத்துக்கொண்டு, முகம் கனத்து, தலை பாரமாய் இருக்கின்றவனைப் பார்த்து, "உனக்கு மண்டையில் நீர் கோத்துக்கொண்டிருக்கின்றது" என்று சொல்லாத வீடும் இல்லை, தெருவும் இல்லை. பாட்டி சொல்லுகின்றாள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுகின்றார், மந்திரித்துக் கயிறு கட்டுகின்றவன் சொல்லுகின்றான், பெரிய படிப்புப் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளும் ஆபீசுக்கு லீவு எழுதும்போது அப்படியே சொல்லுகின்றார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லுகின்றபடியால் அது உண்மையாய்த்தான் இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டு, தலைக்குக் குளிப்பதை மாதக்கணக்கில் நிறுத்துவதும், நெற்றியில் பற்றுப் போடுவதும், மொட்டை அடித்துக்கொள்வதாக நேர்ந்துகொள்வதும், தாயத்துக் கட்டுவதும் நடந்துவருகின்றன. ஆனால், மண்டைக்குள் எந்த இடத்தில் நீர் கோத்திருக்கின்றது, அது எந்த வழியாய் அங்கே போயிற்று, அதைக் கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டால் மாத்திரம் ஒருவரும் பதில் சொல்லுவதில்லை.

மூக்கைப்பற்றி எழுத என்ன இருக்கின்றது, பத்திரிகையில் இடம் காலியாய் இருக்கின்றதா என்று சிலர் நினைக்கலாம். சைனஸ் என்கின்ற இந்த வியாதியால் ஆள் உடனே சாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வருஷக்கணக்கில் இராத் தூக்கம் கெட்டு, பகலில் வேலை ஓடாமல், சோற்றின் வாசனையும் குழம்பின் வாசனையும் தெரியாமல், காஸ் அடுப்பு திறந்து கிடந்தாலும் மூக்கு அறியாமல், கூலியில் பாதியை மருந்துக் கடைக்கும் மந்திரவாதிக்கும் கொடுத்துவிட்டு நிற்கின்றவர்களைக் கேட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். ஐரோப்பாவில் பல நாட்டு ஜனங்களிடம் விசாரித்து 2011-ல் வெளியிட்ட ஒரு கணக்கில், நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் இந்த வியாதிக்குரிய குறிகளைச் சொல்லியிருக்கின்றார்கள். விசாரித்ததோடு நில்லாமல் உள்ளே பார்த்தும் கணக்கெடுத்தால் தொகை குறையும். குறைந்தாலும் அது சின்னத் தொகை அல்ல.

முதலில் இந்த "மண்டை நீர்" நமது நாட்டுச் சொத்து மாத்திரம் அல்ல என்பதைச் சொல்லிவிடுகின்றோம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் செய்த கேலன் என்பவர், மூளையிலிருந்து ஒழுகுகின்ற கழிவுதான் மூக்கின் கூரையில் சல்லடைபோல் இருக்கின்ற எலும்பின் வழியாய் வடிந்து சளியாய் வருகின்றதென்று எழுதிவைத்தார். வெள்ளைக்காரர்களும் ஏறக்குறைய 1,500 வருஷ காலம் அதை வேதவாக்காய் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மூளைக்கு அடியில் இருக்கின்ற பிட்யூட்டரி என்னும் சிறு கோளத்திற்கு அந்தப் பெயர் வந்ததே, அது சளியை வடிக்கின்றதென்று நம்பியதால்தான். சளிக்கு லத்தீன் பாஷையில் அந்தச் சொல். பிறகு 1660-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மனியில் விட்டன்பர்க் சர்வகலாசாலை ஆசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் என்பவர், பெரியோர் எழுதிவைத்தது இருக்கட்டும், அறுத்துப் பார்ப்போம் என்று பார்த்தார். மூளையிலிருந்து மூக்குக்குச் சளி வடிய வழியே இல்லை, சளி மூக்கின் உட்சவ்விலேயே உண்டாகின்றது என்று எழுதினார். அந்தச் சவ்வுக்கு இன்றைக்கும் அவர் பெயர் வழங்குகின்றது. சல்லடை எலும்பின் துளைகள் வாசனை நரம்புகள் போகின்ற வழியே ஒழியச் சளி போகின்ற சாக்கடை அல்ல.

ஆக, ஐரோப்பாவில் செத்துப் புதைக்கப்பட்டு முந்நூற்றறுபது வருஷமான ஒரு பொய், நமது தெருக்களில் இன்னமும் கையை வீசிக்கொண்டு நடக்கின்றது.

இந்த நீரை "எடுத்துக் காட்டுகின்ற" வித்தைக்காரர்களும் சில ஊர்களில் இருக்கின்றார்கள். நோயாளியைக் காலையில் வெறும் வயிற்றோடு உட்காரவைத்து, காரமான ஏதோ ஒரு பச்சிலைச் சாற்றை மூக்கில் சில சொட்டு விடுகின்றார்கள். உடனே தும்மலும் கண்ணீருமாய் மூக்கிலிருந்து நீர் கொட்டுகின்றது. அதைக் கிண்ணத்தில் பிடித்து, "பார்த்தாயா, பத்து வருஷத்து நீர்!" என்று காட்டுகின்றார்கள். கூட்டமும் வாயைப் பிளக்கின்றது. தோழர்களே! வெங்காயம் நறுக்கினாலும் இப்படித்தான் கொட்டுகின்றது. அதனால் வெங்காயம் மண்டை நீரை இறக்குகின்றதென்று எந்தச் சமையற்காரியாவது சொல்லுகின்றாளா? ஒரு வியாதியும் இல்லாத மூக்கும் தொண்டையுமே தினம் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர்ச்சளியை உண்டாக்கி, நாம் அறியாமலே விழுங்கச் செய்துகொண்டிருக்கின்றன. எரிச்சலூட்டினால் அதிகம் ஊறும். கிண்ணத்தில் இருக்கின்றது அப்பொழுது ஊறிய நீரே தவிர, பத்து வருஷமாய்க் காத்திருந்த நீர் அல்ல. கடுமையான சாறு உட்சவ்வைப் புண்ணாக்கிவிடுவது இதில் உபரி லாபம்.

மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கில் ஒழுகுகின்ற சந்தர்ப்பமும் உண்டு என்பதை மறைக்க நமக்கு அவசியமில்லை. மண்டையில் பலத்த அடிபட்டு அந்தச் சல்லடை எலும்பு விண்டாலோ, வேறு காரணங்களால் அங்கே ஓட்டை விழுந்தாலோ, ஒரு பக்கத்து மூக்கில், குனியும்போது முக்கியமாய், பச்சைத் தண்ணீர்போல் ஒழுகும். அது அபூர்வம், ஆனால் அபாயம். மூளைச் சவ்வில் சீழ் பிடித்துவிடலாம். அந்தத் தண்ணீரில் ஒரு துளியைப் பரீட்சித்து, அது மூளை நீர்தானா என்று சொல்லக்கூடிய வழி இன்று இருக்கின்றது. நிஜமாகவே மண்டை நீர் ஒழுகுகின்றவனை "நல்லது, கெட்ட நீர் இறங்குகின்றது" என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பதும் இந்த மூடநம்பிக்கையின் பலன்தான்.

அப்படியானால் சைனஸ் என்பதுதான் என்ன? நெற்றியிலும், இரு கன்னங்களிலும், இரு கண்களுக்கு நடுவிலும், மூக்கின் பின்கோடியில் மண்டை நடுவிலும், எலும்புக்குள் காற்று நிரம்பிய அறைகள் இருக்கின்றன. எல்லோருக்கும் இருக்கின்றன. "எனக்குச் சைனஸ் இருக்கின்றது" என்று ஒருவர் சொன்னால், "எனக்குக் கன்னம் இருக்கின்றது" என்று சொல்லுவதைப் போன்றதுதான். வியாதி என்பது அந்த அறைகளின் உட்சவ்வு வீங்கி அழற்சி கொள்ளுவதாகும். ஒவ்வொரு அறைக்கும் மூக்குக்குள் திறக்கின்ற வாசல் ஒன்று உண்டு. கன்னத்து அறையின் வாசல் சில மில்லிமீட்டர் அகலமே உடையது. உட்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வயலில் நாற்று அசைவதுபோல், விநாடிக்குப் பத்துத் தடவை வரையிலும் அதற்கு மேலும் அசைந்து, சளியை அந்த வாசலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வாசல் வீங்கி அடைபட்டால் உள்ளே தேங்குகின்றது, தேங்கினால் அழுகுகின்றது. பெரும்பாலும் ஒரு சில வாரத்தில் தானே சரியாகிவிடும். 12 வாரத்துக்கு மேலும் விடாமல் நின்றால்தான் அதை நாட்பட்டது என்கின்றார்கள்.

இந்த வாசல் விஷயத்தில் டாக்டர்களே ஏமாந்த கதை ஒன்று சொல்லத் தகுந்ததாகும். 1893-ல் அமெரிக்காவில் கால்டுவெல் என்பவரும், 1897-ல் பாரிசில் லூக் என்பவரும் தனித்தனியே ஒரு ரண சிகிச்சையைச் செய்தார்கள். மேலுதட்டுக்கு உட்புறம் கீறி, கன்ன எலும்பில் ஓட்டை போட்டு, அறைக்குள் இருந்த சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, அறையின் அடிப்பக்கத்தில் மூக்குக்குள் ஒரு புது வாசலையும் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும், ஆகவே பானையின் அடியில் துளை போட்டால் வடிந்துவிடும் என்பது கணக்கு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாய் இருக்கின்றது! அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுவதும் செய்தார்கள். அநேகருக்கு வியாதி திரும்பத் திரும்ப வந்தது.

ஆஸ்திரியா தேசத்தில் கிராஸ் நகரத்து டாக்டர் வால்டர் மெசர்கிளிங்கர் என்பவர் சவ்வின்மேல் சளி எப்படி நகருகின்றதென்று பொறுமையாய்ப் படமெடுத்துப் பார்த்தார். அடியில் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும் நுண்மயிர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சளியைச் சுவரின்மேல் ஏற்றி, மேலே இருக்கின்ற இயற்கையான பழைய வாசலுக்கே கொண்டு போகின்றன என்று கண்டார். அது முதல் சிகிச்சையின் போக்கே மாறிற்று. சவ்வைச் சுரண்டாதே, இயற்கையான வாசலைத் திறந்துவிடு, சவ்வு தானே தேறும் என்பதாயிற்று. ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி அமைத்த கண்ணாடிக் கோல்களைக்கொண்டு, பேனாவைவிட மெல்லிய குழாயை மூக்கினுள் செலுத்தி, உள்ளிருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கின்ற எண்டாஸ்கோப் கருவியும் அப்பொழுது கைக்கு வந்தது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்த சி.டி. ஸ்கேன், எலும்பு அறைகளைக் கீற்றுக் கீற்றாய் அறுத்ததுபோல் காட்டிற்று. அந்த யந்திரத்திற்காக 1979-ல் ஹவுன்ஸ்பீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றார்கள். 1985-ல் அமெரிக்காவில் கென்னடி என்பவர் இந்த முறையைப் பரப்ப, இன்று உலகெங்கும் வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் மூக்கின் வழியாகவே ரண சிகிச்சை நடக்கின்றது.

டாக்டர்கள் இப்படித் தவறு செய்தார்களே, அவர்களை எப்படி நம்புவது என்று சாஸ்திரிகள் துள்ளிக்கொண்டு வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். தவறு என்று கண்டுபிடித்தவரும் ஒரு டாக்டர்தான் என்பதையும், கண்டவுடன் புஸ்தகத்தை மாற்றி எழுதினார்கள் என்பதையும் அவர்கள் கவனிக்கட்டும். சோதிட சாஸ்திரத்தில் இதுவரை தப்பென்று தள்ளப்பட்ட ஒரு சுலோகத்தைக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

நிற்க. தலைவலி என்றாலே சைனஸ் என்று முடிவு கட்டுவதும் பெரிய மோசமாகும். அமெரிக்காவில் 2,991 பேரை, தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று தாங்களே நினைத்தவர்களையும் டாக்டர்களால் அப்படிச் சொல்லப்பட்டவர்களையும் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி என்னும் மைக்ரேன் வகை. மூக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவேதான் 2020-ல் ஐரோப்பிய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டியில், மூக்கடைப்பாவது சளி வடிவதாவது கட்டாயம் இருக்கவேண்டும், அதோடு அவ்விரண்டில் மற்றொன்றோ, முகபாரமோ, வாசனை கெடுவதோ சேரவேண்டும், அதற்கு மேலும் எண்டாஸ்கோப்பிலோ சி.டி. ஸ்கேனிலோ அத்தாட்சி தெரியவேண்டும் என்று வைத்திருக்கின்றார்கள். பழைய எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் "சைனஸ்" என்று சீட்டெழுதிய காலம் போய்விட்டது. போகாத ஊர்களில் நோயாளி கேள்வி கேட்க வேண்டியதுதான்.

ஒரு பக்கத்து மூக்கில் மாத்திரம் துர்நாற்றத்துடன் சளி வந்தால் மேல்கடைவாய்ப் பல்லைப் பார்க்கவேண்டும். பல்லின் வேர் கன்னத்து அறையின் தரையை ஒட்டி இருக்கின்றபடியால், வேரில் பிடித்த சீழ் மேலே ஏறிவிடுகின்றது. பல்லைச் சரிசெய்தாலொழிய எத்தனை மாத்திரை தின்றாலும் நிற்காது. நமது நாட்டிலோ, இப்படி நாற்றமடிக்கின்ற பெண்ணைப் பூர்வஜென்ம பாவி என்று சொல்லி, ஒரு மூலையில் தள்ளி, பிறந்த வீட்டுக்கு அனுப்புகின்றவர்களும் இருக்கின்றார்கள். ஒரு சொத்தைப் பல்லுக்காக ஒரு பெண்ணின் வாழ்வையே பாழாக்குகின்ற மதம் யாருக்கு வேண்டும்? ஒரு பக்கத்தில் ரத்தம் கலந்து வந்தாலோ அது வேறு கட்டியாயும் இருக்கக்கூடும். ஒரு வாரமும் தாமதிக்கக்கூடாது.

இனி மருந்து. சைனஸ் என்றவுடன் கிருமி என்றும், கிருமி என்றவுடன் ஆன்டிபயாடிக் மாத்திரை என்றும் நமது மருந்துக் கடைகளில் ஒரு மந்திரம் நடக்கின்றது. டாக்டர் சீட்டில்லாமல் அவைகளை விற்கக்கூடாதென்று சட்டம் இருக்கின்றது. சட்டம் பீரோவில் இருக்கின்றது. மாத்திரை மேஜைமேல் இருக்கின்றது. இதைப் பரீட்சித்து ஐக்கிய ராஜ்யத்தில் 2025-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். நாட்பட்ட நோயாளிகள் 500 பேருக்குமேல் சேர்த்து, எல்லோருக்கும் மூக்கில் அடிக்கின்ற ஸ்டீராய்டு மருந்தும் உப்பு நீர்க் கழுவலும் கொடுத்து, அதற்கு மேல் ஒரு பகுதியாருக்கு ரண சிகிச்சையும், ஒரு பகுதியாருக்கு மூன்று மாத ஆன்டிபயாடிக்கும், மற்றொரு பகுதியாருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ரண சிகிச்சை பெற்றவர்கள் நன்றாய்த் தேறியிருந்தார்கள். ஆன்டிபயாடிக் தின்றவர்களும் வெறும் மாத்திரை தின்றவர்களும் ஒன்றாகவே இருந்தார்கள். நல்ல மருந்தென்று டாக்டர்களே நெடுநாள் எழுதிக்கொடுத்து வந்த சரக்கு இது என்பதைக் கவனிக்கவேண்டும். அதையும் நிறுத்துப் பார்த்துக் குறைந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

அடைப்பைச் சில நிமிஷத்தில் திறக்கின்ற சொட்டு மருந்து வேறு ஒரு பொறியாகும். ஓரிரண்டு நாளைக்கு நல்லது. ஒரு வாரத்துக்கு மேலே போனால் மருந்து தீர்ந்தவுடன் சவ்வு முன்னைவிட அதிகமாய் வீங்குகின்றது. உடனே மறுபடியும் சொட்டு. தலையணைக்கு அடியில் அந்தப் புட்டி இல்லாவிட்டால் தூங்க முடியாதென்று வருஷக்கணக்காய் அடிமைப்பட்டுக் கிடக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். இதற்கு நேர்மாறாக, ஸ்டீராய்டு ஸ்பிரே என்பது அடித்தவுடன் ஒன்றும் செய்யாது; விடாமல் சில வாரம் அடித்தால்தான் அழற்சி தணியும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து மூன்றாம் நாளே எறிந்துவிடுகின்றார்கள். மூக்கில் அடிப்பதில் ரத்தத்தில் சேருவது மிகவும் சொற்பம். மாத்திரையாய் மாதக்கணக்கில் விழுங்குவதுதான் பயப்படத்தக்கது.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது பலன் தருகின்றது என்று பரீட்சைகள் சொல்லுகின்றன. உடனே யோகிகள், "எங்கள் ஜலநேதி!" என்று மார்தட்டிக்கொள்ளுகின்றார்கள். தட்டிக்கொள்ளட்டும். பலன் இருந்தால் யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ள நாம் தயார். ஆனால், 2011-ல் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தில் அந்த நேதிக் கெண்டியில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கழுவிய இருவர், மூளையைத் தின்கின்ற அமீபா என்னும் நுண்ணுயிர் மூக்கின் வழியாய் ஏறி மாண்டுபோனார்கள். கெண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று சொன்ன சாஸ்திரத்திற்குத் தண்ணீரில் என்ன இருக்கின்றதென்று தெரியவில்லை. தண்ணீரை நன்றாய்க் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் உபயோகிக்கவேண்டும். இதைச் சொன்னது பூதக்கண்ணாடி.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கின்றார். பெருங்காய டப்பாவை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் அவருக்கு வாசனை தெரியாது. நல்லெண்ணெய் சிக்கு வாடை அடிக்கின்றதென்று வாங்கினவர்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தபிறகுதான் அவருக்குத் தெரியும். "அய்யா, உங்களுக்கு ராகு சரியில்லை" என்று சோதிடர் ஒருவர் சொல்லி, ஒன்பது வருஷம் பரிகாரம் செய்வித்தார். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தால், இரண்டு மூக்கிலும் உரித்த திராட்சைபோல் சதைக் கொப்புளங்கள் தொங்குகின்றன. பாலிப் என்று பெயர். ராகு இருந்த இடம் அதுதான். இந்த வகையாருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்து வருவதுண்டு. அவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் மாத்திரை தின்றால் மூச்சே திணறும். ஆகவே இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ரண சிகிச்சை செய்து எடுத்தாலும் பாலிப் மறுபடி வளரக்கூடும், ஸ்பிரேயை விடக்கூடாது. அவருக்கு இப்பொழுது பெருங்காயம் தெரிகின்றது. மல்லிகை இன்னும் தெரியவில்லை என்கின்றார்.

பாலிப் அடங்காதவர்களுக்கு, 2019-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்த டூபிலுமாப் என்ற ஊசி மருந்து வந்திருக்கின்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுவது. 2020-லும் 2021-லும் வேறு இரண்டு ஊசிகளும் அனுமதி பெற்றன. கிருமியைக் கொல்லுவது இவைகளின் வேலை அல்ல; சரீரத்தின் காவல் அணுக்கள் அநாவசியமாய்ச் சண்டை போட ஒன்றுக்கொன்று அனுப்புகின்ற சேதியை நடுவில் மறிப்பதுதான். கொப்புளம் சுருங்குகின்றது, அநேகருக்கு வாசனை திரும்புகின்றது. நிறுத்தினால் வியாதி திரும்பக்கூடும். விலையோ கூலிக்காரன் கனவிலும் நெருங்க முடியாதது. கோவில் உண்டியலில் விழுகின்ற பணத்தில் எத்தனை மூக்குகளுக்கு வாசனை வாங்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

மூக்கில் நடக்கின்ற அநியாயத்தில் 2021-ஆம் வருஷத்தை மறக்கமுடியாது. கொரோனா வந்தவர்களுக்கு, முக்கியமாய்ச் சர்க்கரை அடங்காமலும் ஸ்டீராய்டு அதிகமாயும் இருந்தவர்களுக்கு, கருப்புப் பூஞ்சை என்னும் வியாதி சைனஸ் அறைகளில் பிடித்துக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிற்று. நாம் இதுவரை பேசிய நாட்பட்ட வியாதியல்ல இது, நாட்களில் கொல்லுவது. அவ்வருஷம் ஜூலைக்குள் இந்தியாவில் 45 ஆயிரம் பேருக்குமேல் பிடித்து, 4 ஆயிரம் பேருக்குமேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் உடனே குழாய் விட்டுப் பார்த்து, அழுகியதை அறுத்தெறிந்து, மருந்து ஏற்றியதால் பிழைத்தார்கள். அதே மே மாதத்தில் குஜராத்தில் சிலர் கோசாலைக்குப் போய், கொரோனா வராதென்று சாணத்தையும் மூத்திரத்தையும் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நின்றார்கள். அப்படிச் செய்தால் வேறு வியாதிகளும் தொற்றக்கூடும் என்று டாக்டர்கள் கெஞ்சவேண்டியிருந்தது.

கண் வீங்கினாலும், பார்வை இரட்டையாய்த் தெரிந்தாலும், கடுங்காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மற்றபடி மூன்று மாதமாய் அடைப்பு நீங்காதவர்கள் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போய், "குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். பீடியையும் சுருட்டையும் விட்டுவிட்டுப் போனால் மருந்துக்குப் பாதி வேலை மிச்சம்.

மண்டை நீர் எடுக்கின்ற வித்தைக்காரர்களுக்கும் தாயத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐக்கிய ராஜ்யத்தில் மாத்திரையை நிறுத்துப் பார்த்ததுபோல் உங்கள் சரக்கையும் நிறுத்துப் பார்க்கலாம். நூறு நோயாளிகள் வரட்டும். ஐம்பது பேருக்கு மந்திரித்த தாயத்து, ஐம்பது பேருக்கு வெறுந்தகடு. எவருக்கு எது என்று உங்களுக்கும் தெரியக்கூடாது, அவர்களுக்கும் தெரியக்கூடாது. ஆறு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்ப்போம். வந்த முடிவு எதுவானாலும் இந்தப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போடுகின்றோம். கிண்ணத்தில் நீர் பிடிக்கின்றவர்கள் நாளும் இடமும் எழுதி அனுப்பினால் நாமும் வருகின்றோம். நமது கிண்ணத்தையும், அரிவாள்மணையையும், அரைப்படி வெங்காயத்தையும் நாமே கொண்டு வந்துவிடுகின்றோம்.